காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள்

வீட்டில் அவனை மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா லிப்ட் மெக்கானிக். பையன் சின்னவனாக இருந்தபோது ஓர் அரசு அலுவலகத்து லிப்டில் நிஜமான மந்திரி ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். அப்பா போய்க் கதவை நெம்பித் திறந்து அவரை வெளியே இழுத்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த மனிதர் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையாம். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா இதைச் சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தார். பையன் வாய் நிறையச் சோற்றோடு, "நான் மந்திரியானா தேங்க்ஸ் சொல்வேன்ப்பா" என்றான். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. "மந்திரி, குப்பையைக் கொட்டிட்டு வா." "மந்திரி, தங்கச்சி மூக்கத் தொடச்சு விடு."

கேலிக்கு வைத்த பெயரை அவன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுத்தான். மற்றவர்கள் ஆட்டத்தின் ஸ்கோர் பார்க்கும் ஆவலோடு அவன் வரவு செலவு அறிக்கை படித்தான். பேருந்துக் கட்டணம் ஏறினால் திட்டமாட்டான், "இதற்கு முன்னால் எப்போது ஏற்றினார்கள்" என்று தேடிப் பார்ப்பான்.

தலைநகரில் சட்டமன்றச் செயலகம் ஒரு பயிற்சி நடத்தி வந்தது. இளநிலை படிக்கும் மாணவர்களுக்காக, ஆண்டு விடுமுறை முழுக்க. ஒரு கல்லூரிக்கு ஓர் இடம். தேர்வானவர் ஏதாவது ஒரு நிலைக்குழுவோடு இருக்கலாம். குடிநீர், வீட்டு வசதி, போக்குவரத்து என்று குழுக்கள். உறுப்பினர்களுக்குப் பின்னால் நாற்காலி, குறிப்புத் தயாரிக்கும் வேலை, கழுத்தில் அடையாள அட்டை. முதலாண்டில் அவன் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் அந்த அட்டையைக் கழற்றாமலே கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்த பித்து. போன ஆண்டு மூத்தவர்களுக்கு முன்னுரிமை என்று சொல்லிவிட்டார்கள்; இந்த ஆண்டு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இது கடைசி ஆண்டு. இதை விட்டால் இளநிலை மாணவன் என்று சொல்லிக்கொள்ள இன்னொரு விடுமுறை கிடையாது.

அதற்காக அவன் செய்யாத தயாரிப்பு இல்லை. கல்லூரியில் மாதிரி நகர்மன்றம் ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவரானான். நிஜ மன்றங்களில் உள்ள விதிகளெல்லாம் அங்கேயும் உண்டு. அவற்றில் அவனுக்கு உயிரான விதி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு பொருளும் எடுக்கும் முன் எழுந்து நின்று, "இந்தப் பொருளில் யாருக்கேனும் சொந்த நலன் உண்டா? இருப்பவர் சொல்லிவிட்டு வெளியேறலாம்" என்று கேட்பான். கேண்டீன் விலை பற்றிப் பேச வந்தபோது கேண்டீன்காரரின் மருமகனை வெளியே அனுப்பினான். மைதானம் பற்றிப் பேச வந்தபோது ஹாக்கி கேப்டனை அனுப்பினான். "டேய், நீ கூடத்தான் கேண்டீன்ல டீ குடிக்கிற, நீயும் போடா" என்று பின்வரிசையில் சத்தம் வரும். அவன் அசரமாட்டான். எத்தனை கூட்டம்! அந்த வாக்கியம் அவன் நாக்கில் தடம் போட்டுவிட்டது.

விண்ணப்பம் போடும் நேரம் வந்தபோது ஒரு சிக்கல். ஒரு கல்லூரியிலிருந்து குறைந்தது இரண்டு பேராவது போட்டியிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியையே பரிசீலிக்கமாட்டார்கள். பரீட்சை நெருங்குகிற சமயம், யாரும் முன்வரவில்லை. ஒருங்கிணைப்பாளரான விரிவுரையாளர் கையை விரித்தார்.

மந்திரி நேராகப் பட்டாணியிடம் போனான். பட்டாணி அவன் தங்கை, ஒரு வயது இளையவள், அதே கல்லூரியில் இரண்டாமாண்டு புள்ளியியல். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம், அதனால் அந்தப் பெயர். இப்போது அவனைவிட உயரம்.

"சும்மா பேருக்கு வா. நேர்காணல்ல உக்காந்து எழுந்து வந்தா போதும்."

"என்ன தருவ?"

"ஸ்கூட்டர் ஒரு வாரம் உனக்கு."

"ரெண்டு வாரம். பெட்ரோல் உன்னது."

அவள் ஒன்றும் தெரியாமல் போய்த் தன் மானத்தை வாங்கக்கூடாதே என்று அவனே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். குழு என்றால் என்ன, குறிப்பு எப்படி எழுதுவது, சொந்த நலன் இருந்தால் ஏன் வெளியேற வேண்டும். அவள் நகம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

முடிவு ஒரு மத்தியானம் வந்தது. பட்டாணி போனைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஏதோ தப்பா வந்திருக்கு" என்றாள். தப்பாக வரவில்லை. குடிநீர் நிலைக்குழு, அவள் பெயர்.

அவனுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தான். உங்கள் கல்லூரிக்கான காத்திருப்போர் வரிசையில் நீங்கள் முதலில் இருக்கிறீர்கள், தேர்வானவர் பெற்றோர் ஒப்புதலைக் குறித்த தேதிக்குள் அனுப்பத் தவறினால் இடம் உங்களுக்கு. வெளியே வந்து, "எனக்குக் கிடைக்கல" என்று மட்டும் சொன்னான். அது பொய்யில்லை.

வயிறு எரிகிறது என்று சொல்கிறோமே, அது சும்மா பேச்சுக்கு அல்ல என்பது அவனுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே ஏதோ காந்தியது. ஊரான் ஒருவனுக்குப் போயிருந்தால் நாலு கெட்ட வார்த்தை சொல்லி ஆற்றியிருப்பான். இது சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு முணுமுணுத்தபடி தலை வாருகிறது. ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து முட்டையின் மஞ்சளை மட்டும் தோண்டித் தின்கிறது. ஒருங்கிணைப்பாளர் வராந்தாவில் அவன் தோளைத் தட்டி, "உங்க வீட்டுக்குத்தானேப்பா வந்திருக்கு, யாருக்கு வந்தா என்ன?" என்றார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் நிற்பதற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"நேர்காணல்ல என்னதான் கேட்டாங்க?" என்று அவளை விடாமல் குடைந்தான்.

"என்னென்னமோ கேட்டாங்க. மூணு தடவை தெரியலன்னு சொன்னேன்."

"தெரியலன்னா சொன்ன?"

"தெரியலன்னா தெரியலன்னுதானே சொல்லணும்? அதுல ஒருத்தர் சிரிச்சிட்டார். உன்னப் பாத்து சிரிக்கலையா?"

அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவன் ஒரு கேள்விக்குக்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், கேட்காததற்கும் சேர்த்து. நடுவில் இருந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இந்த நிலையில் அப்பா அவனைக் கூப்பிட்டார். கையில் அந்த ஒப்புதல் தாள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"எனக்கு இதெல்லாம் புரியல. தெரியாத ஊரு, தனியா ஒரு லீவு முழுக்க. இதப்பத்தி இந்த வீட்டுல முழுசா தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நல்லா யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்லு. நீ சரின்னா போடறேன், வேணாம்னா விட்டுடறேன்."

"நான் என்னப்பா சொல்றது?"

"நீதான சொல்லணும். அண்ணன்ல?"

அப்பா சுபாவம் அப்படி. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அங்கே தினம் லிப்டை ஓட்டுகிறவனைக் கேட்டுவிட்டுத்தான் இயந்திரத்தின் மூடியைத் திறப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வரை மந்திரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்பா ஷூவைக் கழற்றும்போது, "விடுதி செயலகத்துக்குப் பக்கத்துல இல்லப்பா, ரெண்டு பஸ் மாறணும்" என்பான். உண்மை. அம்மா துணி மடிக்கும்போது, "குழுக் கூட்டம் சில நாள் இருட்டுற வரைக்கும் இழுக்கும்மா" என்பான். அதுவும் உண்மை. "போன வருஷம் போன ஒரு பொண்ணு பாதியில திரும்பி வந்துட்டாளாம்" என்றான் ஒருநாள், தண்ணீர் குடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல். அவள் கால் முறிந்து திரும்பி வந்தவள். அந்தப் பாதியை மட்டும் தண்ணீரோடு விழுங்கிவிட்டான்.

ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் நெற்றியில் ஒரு சுருக்கம் கூடியது. மந்திரி அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். பார்க்கப் பார்க்க வயிற்றில் காந்தல் சற்று அடங்கியது போலிருந்தது. கழுத்தில் அட்டை எப்படித் தொங்கும் என்று கண்ணாடி முன் நின்று யோசித்தான். சட்டைப் பொத்தானுக்கு மேலேயா, கீழேயா?

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, இந்த எழுத்துத் தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்கிறவள். "என்னடா, மூஞ்சி தொடைக்காத கண்ணாடி மாதிரி இருக்கு?" என்றாள் ஒருநாள்.

"தூக்கம் இல்லம்மா."

"தூக்கம் இல்லாதவங்க மூஞ்சிய நான் பாத்ததில்லையா?" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீ குடித்து முடித்த கையோடு அப்பா மேசை மேல் தாளைப் போட்டார். பேனாவையும் வைத்தார். நாலு பேருக்கு நாலு நாற்காலி. அந்த அறையில் வேறு நாற்காலிக்கு இடமும் கிடையாது.

"சொல்லு மந்திரி."

அவன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். முதலில் இந்தப் பயிற்சி எவ்வளவு உயர்ந்தது என்று சொல்வது. தங்கையை நாலு வார்த்தை பாராட்டுவது. பிறகு தூரம், நேரம், பாதுகாப்பு. கடைசியில், "அடுத்த வருஷமும் அவளுக்கு வாய்ப்பு இருக்கு, இப்ப அவசரம் இல்ல" என்று முடிப்பது. மறுக்க முடியாத பேச்சு. எழுந்து நின்றான். வீட்டில் பேச எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? பழக்கம். தொண்டையைச் செருமினான். வாயைத் திறந்தான்.

"இந்தப் பொருளில் யாருக்கேனும் சொந்த நலன் உண்டா? இருப்பவர் சொல்லிவிட்டு வெளியேறலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

அப்பா, "என்னது?" என்றார். பட்டாணி களுக்கென்று சிரித்துவிட்டு எழுந்தாள். "எனக்கு இருக்குப்பா. என்னப் பத்தித்தானே பேசறீங்க, நான் இருக்கக்கூடாது. அண்ணன் சொல்லிக்குடுத்தான்." டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். கதவையும் மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அதைவிட வசதியாக எதுவும் அமைய முடியாது. எதிர்த்துப் பேச ஆள் இல்லை, தாள் மேசை மேல் கிடக்கிறது, அப்பா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நல்லா இருக்கே இந்த வழக்கம்" என்றாள் அம்மா. சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப உனக்கு இல்லையா?" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். கேலியாகக்கூட இருக்கலாம். இல்லை என்று மூன்றெழுத்தைச் சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். அவன் உதடு அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் கேண்டீன்காரரின் மருமகன் இப்படித்தான் ஒருமுறை இல்லை என்று சொல்லிப் பார்த்தான். மன்றம் மொத்தமும் ஊ என்று ஊளையிட்டது. தலைவர் நாற்காலியிலிருந்து மந்திரிதான் அவனை நிற்க வைத்து வறுத்தெடுத்தான். அந்த வறுவல் முழுக்க இப்போது மந்திரியின் காதில் கேட்டது, அவன் குரலிலேயே.

"இருக்கு" என்றான்.

"என்ன இருக்கு?"

"அவ போகலைன்னா அடுத்தது நான். காத்திருக்கிற வரிசையில மொதல் ஆள் நான்தான்."

அப்பா பேனாவை எடுத்து மூடினார். பிறகு, "அதான் ரெண்டு பஸ்ஸா?" என்றார்.

"ரெண்டு பஸ் நெஜம்ப்பா."

"சரி. நீயும் வெளிய போ."

படியில் பட்டாணி டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். "என்ன, உன்னையும் தொரத்திட்டாங்களா?"

அவன் ஒரு படி கீழே உட்கார்ந்து சொன்னான். எப்படியும் கதவு திறந்தால் தெரியப்போகிறது. அவள் விரல் டம்ளருக்குள்ளேயே நின்றது.

"அப்ப அந்தப் பொண்ணு பாதியில வந்தது?"

"கால் ஒடைஞ்சு."

"அட நாயே!"

"கத்தாத, கீழ் வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். நான் விடுதி தூரம்னு நெனச்சு ராத்திரி பூரா ஊர் மேப் பாத்துட்டு இருந்தேன். அக்கறையா சொல்றான்னு நெனச்சேன்டா."

அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ சும்மா பேருக்கு வந்தவ. எனக்கு இது மூணு வருஷம்."

"தெரியும்."

"உனக்கு வேணும்னுகூட இல்ல."

"மொதல்ல இல்ல. இப்ப வேணும்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "சினிமால வர்ற மாதிரி, இந்தா அண்ணா நீயே போன்னு சொல்வேன்னு பாக்கறியா? சொல்லமாட்டேன்."

உண்மையில் அரை நொடி அவன் அதைத்தான் எதிர்பார்த்தான். அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதில் எரிச்சல் இரட்டிப்பாகியது.

உள்ளே அப்பாவும் அம்மாவும் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது. ஒன்றும் தெரியாத இரண்டு பேர் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். பிறகு, இல்லை, அவள் வாழ்க்கையை என்று திருத்திக்கொண்டான். திருத்தியதும் பிடிக்கவில்லை.

கதவு திறந்தது. தாளில் கையெழுத்து இருந்தது.

"லிப்ட்ல மொதல்ல ஏறினவள எறக்கிட்டு இன்னொருத்தன ஏத்தறது என் வேலை இல்ல" என்றார் அப்பா. மகளிடம், "தெனம் போன் பண்ணு" என்றார். மகனிடம், "ரெண்டு பஸ்ஸுன்னு கரெக்டா தெரிஞ்சவன் நீதான். கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வா" என்றார். அம்மா அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிவிட்டுப் போனாள். அது தண்டனையா தேறுதலா என்று அவனுக்கு விளங்கவில்லை.

விடுமுறை தொடங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான். விடுதியில் இறக்கி, மறுநாள் காலை செயலகம் வரை வந்தான். அவன் படத்தில் பார்த்த அதே அகலப் படிகள். வாசல் காவலாளி பட்டாணியின் கடிதத்தைப் பார்த்து ஓர் அட்டையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டச் சொன்னார். பொத்தானுக்குக் கீழேதான் தொங்கியது.

"நீங்க?"

"அண்ணன்."

"அண்ணன்னா அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்."

பட்டாணி உள்ளே போகாமல் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, மொத நாளே ஆளுக்கு ஒரு கேள்வி கேக்கணுமாம். குழுத் தலைவர் முன்னாடி. எனக்கு ஒண்ணும் தோணல."

அவனிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரு கூட்டத்திலும் அதை அவன் செலவழிக்கவில்லை. இந்தக் கட்டடத்துக்குள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்காகவே பத்திரமாக வைத்திருந்தான்.

"குழாய்ல தண்ணி எத்தன மணி நேரம் வருதுன்னு கேளு" என்றான்.

"அதை எல்லாரும் கேப்பாங்களே?"

"அப்ப தெரியலன்னு சொல்லு. உனக்குத்தான் அது ராசி."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படி ஏறினாள். முதுகு விறைத்திருந்தது. கதவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள். அந்த அட்டையோடு அங்கே போய் அவள் திருதிருவென்று விழிப்பதை அவன் மனத்தில் ஓட்டிப் பார்த்தான். இனிக்கும் என்று நினைத்தான். இனிக்கவில்லை. தான் மூன்று வருடம் கனவு கண்ட அறையில் போயும் போயும் குழாய்த் தண்ணீர் நேரத்தையா கேட்க வேண்டும்?

"ஏய்!" என்று கத்தினான். காவலாளி திடுக்கிட்டார். "ஒரு திட்டம் தோத்துப்போனா, தோத்துடுச்சுன்னு யாரு சொல்லணும், எப்ப சொல்லணும்னு எங்க எழுதியிருக்குன்னு கேளு!"

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நல்ல கேள்வியா இருக்கே" என்றார் காவலாளி.

"தெரியும்" என்றான் மந்திரி கடுகடுவென்று.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பட்டாணி மூச்சுவிடாமல் பேசினாள். கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றி, இன்னொரு தடவை சொல்லு என்று எழுதிக்கொண்டார்களாம்.

மந்திரிக்குக் காதுமடல் சூடேறியது. இதோ, பறித்துக்கொண்டாள். நாற்காலி போயிற்று, அட்டை போயிற்று, இப்போது இதுவும். திட்டுவதற்கு வார்த்தைகளை அவன் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நல்லா கேட்டம்மான்னாங்க. நான் சொல்லிட்டேன், இது எங்க அண்ணன் கேள்வின்னு."

அடுக்கிய வார்த்தைகள் அப்படியே நின்றுவிட்டன. தன் கேள்வி என்று அவள் சொல்லியிருந்தால் ஊர் போய்ச் சேரும் வரைக்கும் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாளே என்று அவனுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

"அண்ணா, இருக்கியா? நாளைக்கும் கேக்கணுமாம். வேற இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு" என்றான். "நெறைய இருக்கு. காலைல சொல்றேன்."

போனை வைத்தான். இருந்தது அந்த ஒன்றுதான். பையிலிருந்து அவளுடைய குழுவின் பழைய அறிக்கையை எடுத்து மடியில் விரித்துவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.